பூட்டியதும் பற்றவைத்ததும்: பழைய பீட்டில் காரின் உடம்பில் அசலைக் கண்டுபிடிப்பது எப்படி

கோவையில் ஒரு பட்டறையில் என் கார் பிரித்துப் போடப்பட்டிருந்த நேரம். ஒரு மத்தியானம் டிங்கர் வேலை பார்க்கும் பெரியவர் என்னைக் கூப்பிட்டார். கதவுக்குப் பின்னால் நிற்கும் தூணில் பட்டியை, அதாவது பள்ளத்தை நிரப்பப் பூசும் பசையை, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தவர், "ஏனுங்க சார், இதுக்குள்ள ஒரு பொந்து இருக்குதுங்க" என்றார். பட்டிக்கு அடியில் ஒரு தகரத் துண்டு. அதைத் தட்டி எடுத்ததும் ஒரு சாண் நீளத்துக்குச் செங்குத்தான பொந்து தெரிந்தது. அந்தப் பக்கத் தூணைத் தேய்த்துப் பார்த்தால் அங்கேயும் அதே உயரத்தில் அதே பொந்து.

நான் வாங்கியது 1964-ஆம் வருட வோக்ஸ்வாகன் பீட்டில். விற்றவர் அப்படித்தான் சொன்னார், ஆர்.சி. புத்தகமும் அப்படித்தான் சொன்னது, சேசிஸ் என்னும் அடித்தளத்தில் குத்திய எண்ணும் ஒத்துப்போனது. ஆனால் அந்தப் பொந்து கைகாட்டி இண்டிகேட்டர் குடியிருக்கும் இடம். திரும்பும்போது தூணிலிருந்து சின்னக் கை ஒன்று வெளியே நீளுமே, அது. ஜெர்மனியில் தயாரான பீட்டிலில் அந்தக் கைகாட்டி 1960 கோடையோடு நின்றுபோனது. ஆக, கீழே 1964, மேலே அதைவிட நாலு வருடமாவது மூத்த உடம்பு. எந்தக் காலத்திலோ யாரோ ஒருவர் இரண்டு காரை ஒன்றாக்கியிருக்கிறார். நான் ஆறு மாதம் அந்தக் காரைத் துடைத்துத் துடைத்து ரசித்தும் இது கண்ணில் படவில்லை.

பழைய கார் ஒன்றை முதல்முறையாகப் புதுப்பிக்க இறங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணத்துக்குப் பீட்டிலையே எடுத்துக்கொள்கிறேன். எனக்குத் தெரிந்த வண்டி அது என்பது ஒரு காரணம். இன்னொன்று, அசலைக் கண்டுபிடிப்பதில் இதைவிடக் குழப்பமான கார் குறைவு. இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் உருவான அதே வடிவத்தில் 2003 ஜூலை வரை, மெக்சிகோவில் கடைசி வண்டி வெளிவரும் வரை, மொத்தம் 2,15,29,464 கார்கள். வெளியே எல்லாம் ஒரே ஆமை. உள்ளே வருடா வருடம் ஏதாவது ஒன்றை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். ஒரு வருடத்து மட்கார்டு இன்னொரு வருடத்து வண்டியில் பெரும்பாலும் அப்படியே உட்காரும். அதனால் அறுபது வருடம் ஓடிய பீட்டில் ஒன்றில் எல்லாப் பாகமும் ஒரே வயதில் இருந்தால்தான் ஆச்சரியம்.

இது வெறும் ரசனைக் கேள்வியும் இல்லை. இந்தியாவில் 2021-இல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய காரை விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்யலாம். வி.ஏ. என்ற எழுத்துகளோடு தனி எண் வரும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். சேசிஸிலும் உடம்புக்கூட்டிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. அந்தப் படிவத்தை நிரப்பும் முன் நம் வண்டியில் என்ன இருக்கிறது என்று நமக்காவது தெரிய வேண்டும்.

முதல் வேலை: கையைக் கட்டிக்கொண்டு படம் எடுங்கள்

வண்டி வீட்டுக்கு வந்த அன்றே வாட்டர் சர்வீஸுக்கு அனுப்பாதீர்கள். மட்கார்டுக்கு உள்ளே ஒட்டியிருக்கும் தார், முன் மூடிக்கு அடியில் உரிந்துகொண்டிருக்கும் காகித ஒட்டு, கதவின் உள்பக்க அட்டையில் சாக்பீஸில் எழுதிய எண், இவையெல்லாம் சாட்சிகள். தண்ணீரை வேகமாக அடித்தால் ஒரே மணி நேரத்தில் போய்விடும்.

போன் கேமரா போதும். ஒவ்வொரு பகுதியையும் தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்தில் ஒன்று எடுங்கள். ஓட்டைகளை மறக்காமல் எடுங்கள். எதையும் மாட்டாமல் சும்மா இருக்கும் ஓட்டைதான் பின்னால் அதிகம் பேசும். எந்த போல்ட் எங்கே இருந்தது, எந்தப் பக்கம் வாஷர், பீடிங் ரப்பர் என்ன நிறம் என்பதெல்லாம் நினைவில் நிற்கும் என்று நினைப்போம். மூன்றாவது வாரம் ஒன்றும் நிற்காது.

இரண்டாவது: எண்ணிலிருந்து தொடங்குங்கள், அதோடு நின்றுவிடாதீர்கள்

சேசிஸ் எண் பின் சீட்டுக்கு அடியில், தரையின் நடுவில் நீளமாக ஓடும் மேட்டின், அதாவது டனலின், மேல் குத்தப்பட்டிருக்கும். முன் மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு தகட்டிலும் அதே எண் இருக்க வேண்டும். தகட்டை யாரும் கழற்றி மாட்டலாம். ஆகவே முதலில் பின் சீட்டைத் தூக்குங்கள். எண்ணைச் சுற்றிய இடம் தேய்த்திருக்கிறதா, சுற்றிலும் பற்றவைத்த தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்க வேண்டும்.

அடுத்தது வருடக் கணக்கு. வோக்ஸ்வாகனுக்கு ஆண்டு பிறப்பது ஆகஸ்டில். கோடை விடுமுறைக்குத் தொழிற்சாலையை மூடி, திரும்பத் திறக்கும்போது மாற்றங்களைப் புகுத்துவார்கள். எனவே 1963 செப்டம்பரில் வெளிவந்த வண்டி 1964 மாடல். ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது பல நேரம் இங்கே பதிவான வருடம். கப்பலில் வந்து, சுங்கத்தில் கிடந்து, பதிவாக ஒரு வருடம்கூடப் போயிருக்கலாம். அதை வைத்து உதிரிபாகம் வாங்கினால் பணம் வீண்.

1964 ஜூலை வரை எண்கள் ஒரே ஓட்டமாகத் தொடர்ந்து வந்தன. 1964 ஆகஸ்டிலிருந்து ஒன்பது இலக்கம்: முதல் இரண்டு வண்டியின் வகை, மூன்றாவது மாடல் வருடத்தின் கடைசி இலக்கம். 115 000 001 என்றால் 11 சாதாரண பீட்டில், 5 என்பது 1965 மாடல், மற்றது வரிசை. திறந்த கூரை வைத்த கேப்ரியோலே என்றால் 15-இல் தொடங்கும். 1970 மாடலிலிருந்து பத்து இலக்கமானது. என் வண்டியின் எண் 59 லட்சத்தில் வருகிறது. அது 1963 ஆகஸ்டுக்கும் 1964 ஜூலைக்கும் நடுவில் விழும்.

இதோடு ஒரு கடிதம் எழுதுங்கள். ஜெர்மனியில் வொல்ஃப்ஸ்பர்கில் உள்ள வோக்ஸ்வாகன் ஆட்டோமியூசியம் அறக்கட்டளை, சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் வண்டியின் பிறப்புச் சான்றிதழ் தருகிறது. தயாரான தேதி, பெயிண்ட் நிறம், உள் அலங்காரம், தொழிற்சாலையிலேயே சேர்த்த கூடுதல் வசதிகள், எந்த நாட்டுக்குப் போனது என்பதெல்லாம் அதில் இருக்கும். கட்டணம் உண்டு. பட்டறையில் கொட்டப்போகும் பணத்தோடு பார்த்தால் அது பெரிதில்லை.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. பீட்டிலின் மேலுடம்பு தரைத்தகட்டின் மேல் போல்ட் போட்டு உட்கார வைத்தது. சுற்றிலும் கழற்றிவிட்டால் ஆறு பேர் சேர்ந்து தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். ஆக எண் சொல்வது தரைத்தகட்டின் கதையை மட்டும். மேலுடம்பின் வயதை மேலுடம்பைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது: பற்றவைத்த இடங்களைக் கேளுங்கள்

இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். மட்கார்டு, மூடி, பம்பர், விளக்கு எல்லாம் ஸ்பேனர் இருந்தால் மாற்றிவிடலாம். கூரை, தூண், கண்ணாடிச் சட்டம், முன்புறமும் பின்புறமும் உடம்போடு பற்றவைத்த தகடுகள், இவற்றை மாற்ற வெட்டிப் பற்றவைக்க வேண்டும். சும்மா யாரும் செய்ய மாட்டார்கள். ஆகவே உடம்பின் வயதை இங்கே முதலில் முடிவு செய்துவிட்டு, அப்புறம் பூட்டிய பாகங்களுக்குப் போக வேண்டும். நான் செய்தது நேர் தலைகீழ். விளக்கையும் பம்பரையும் பார்த்து ஆறு மாதம் சந்தோஷப்பட்டேன்.

பின் கண்ணாடியிலிருந்து ஆரம்பியுங்கள். 1953 மார்ச் வரை நடுவில் கம்பம் வைத்த இரட்டைக் கண்ணாடி. அதிலிருந்து 1957 ஜூலை வரை முட்டை வடிவ ஒற்றைக் கண்ணாடி. 1957 ஆகஸ்டில் பெரிய செவ்வகம் வந்தது, முன் கண்ணாடியும் அப்போதே பெரிதானது. இரட்டைக் கண்ணாடிக்கும் முட்டைக் கண்ணாடிக்கும் விலை ஏறிக் கிடப்பதால் நடுவில் கம்பத்தைப் பற்றவைத்துப் பிந்தைய உடம்பை மூத்ததாக்குபவர்களும் உண்டு. அப்படிச் சந்தேகம் வந்தால் உள் கூரைத்துணியை இறக்கி, சட்டத்தின் உள்பக்கத்தைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

அடுத்த பெரிய எல்லை 1964 ஆகஸ்ட். எல்லாக் கண்ணாடியும் வளர்ந்தது. முன் கண்ணாடியின் மேல் விளிம்பு கூரைக்குள் 28 மில்லிமீட்டர் ஏறியது. தட்டையாக இருந்த கண்ணாடி லேசாக வளைந்தது. இதற்கு அளவு நாடாகூட வேண்டாம். நீளமான இரும்பு ஸ்கேலைக் கண்ணாடியின் குறுக்கே வையுங்கள். முழுக்க ஒட்டி நின்றால் பழைய உடம்பு. நடுவில் பட்டு இரண்டு ஓரத்திலும் இடைவெளி விட்டால் 1965 மாடலோ அதற்குப் பிந்தியதோ. கதவில் இருக்கும் முக்கோணக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் கம்பியையும் பாருங்கள்: பழையதில் செங்குத்து, புதியதில் சாய்வு. கதவு பூட்டிய பாகம்தான் என்றாலும் பெரிய கண்ணாடிக் கதவு சின்னக் கண்ணாடி உடம்பில் சரியாகப் பொருந்தாது. அதனால் இது ஓரளவு நம்பத்தக்க சாட்சி.

தூணில் கைகாட்டிப் பொந்து இருக்கிறதா என்பது 1960-க்கான சோதனை. ஆரம்பத்தில் சொன்ன என் கதை இதுதான். 1958 முதல் 1964 வரையான மாடல்களில் கண்ணாடி அளவு ஒன்றே என்பதால் அதை வைத்து எனக்கு எதுவும் தெரியவில்லை, பொந்து காட்டிக்கொடுத்தது. பட்டிக்கு அடியில் இருந்தாலும் கண்டுபிடிக்க வழி உண்டு. தூணின் உள்பக்க அட்டையைக் கழற்றிவிட்டு டார்ச் அடியுங்கள். வெளியே எவ்வளவு அழகாக மூடியிருந்தாலும் உள்ளே ஒட்டுப்போட்ட விளிம்பு தெரியும். ஆனால் அமெரிக்காவுக்குப் போன வண்டிகளுக்கு 1955-லேயே கைகாட்டி போய்விட்டது. பொந்து இல்லாததால் மட்டும் உடம்பு 1960-க்குப் பிந்தியது என்று சொல்லிவிட முடியாது. பொந்து இருந்தால் முந்தியது என்று சொல்லலாம்.

பிந்தைய உடம்புகளுக்கு மூன்று அடையாளம் போதும். பெட்ரோல் ஊற்ற வெளியிலேயே, வலப்பக்கக் கதவுக்கு முன்னால் சின்ன மூடி இருந்தால் 1967 ஆகஸ்டும் அதற்குப் பிறகும். முன் கண்ணாடிக்குக் கீழே காற்று உள்ளே போகும் கீற்றுகளும் அப்போதே வந்தவை. பின் பக்கக் கண்ணாடிக்குப் பின்னால் பிறை வடிவில் காற்றுத் துவாரம் இருந்தால் 1970 ஆகஸ்டும் அதற்குப் பிறகும்.

எனக்கு இன்னொரு துணைச் சாட்சியும் கிடைத்தது. 1960 ஆகஸ்டில் பெட்ரோல் டேங்கைத் தட்டையாக்கி முன்பக்கம் சாமான் வைக்கும் இடத்தைக் கூட்டினார்கள். என் வண்டியில் இருந்தது உயரமான பழைய டேங்க். டேங்கும் கழற்றக்கூடியதுதான், தனியாக அதை நம்பியிருக்க மாட்டேன். பொந்தும் டேங்கும் ஒரே கதையைச் சொன்னதால் நம்பினேன். கதவுகளில் 1959 ஆகஸ்டில் வந்த, பொத்தானை அழுத்தித் திறக்கும் கைப்பிடி. ஒன்று உடம்பு அந்த ஒரே ஒரு வருடத்தது; இல்லையென்றால் கதவுகள் மட்டும் சேசிஸோடு வந்தவை. இரண்டில் எது என்று கதவுக் கீல் சொன்னது. அதைக் கீழே சொல்கிறேன்.

நான்காவது: பூட்டிய பாகங்கள்

முன்னால் இருப்பதை டிக்கி என்பதா பானெட் என்பதா என்று பட்டறையில் ஒரு சண்டை எப்போதும் நடக்கும். நான் முன் மூடி, எஞ்சின் மூடி என்றே எழுதுகிறேன்.

மட்கார்டில் மூன்று இடம் பாருங்கள். ஹெட்லைட் மட்கார்டின் சரிவோடு சாய்ந்து, கண்ணாடியும் சாய்வாக இருந்தால் 1967 ஜூலைக்கு முந்தியது. நிமிர்ந்து நின்றால் பிந்தியது. அமெரிக்க வண்டிகளில் ஒரு வருடம் முன்பே நிமிர்ந்துவிட்டது. சாய்ந்த ஹெட்லைட் உள்ள மட்கார்டில் அதற்குக் கீழே முட்டை வடிவில் சின்ன கிரில் இருபக்கமும் இருக்கும். ஒன்றுக்குப் பின்னால்தான் ஹாரன். இன்னொன்று ஜோடிக்காக வைத்தது, பின்னால் ஒன்றும் கிடையாது. என் நண்பர் ஒருவர் வலப்பக்கம் ஹாரன் காணாமல் போய்விட்டதென்று இரண்டு கடையில் தேடினார். மூன்றாவது, மட்கார்டின் மேல் இண்டிகேட்டர். ஒடுக்கமான குண்டு வடிவம் முந்தியது. அகலமானது 1964 மாடலில் வந்தது. எஞ்சின் மூடியில் நம்பர் பிளேட்டுக்கு வெளிச்சம் காட்டும் விளக்கின் கூடும் அதே மாடலில்தான் அகலமானது.

டெயில் லாம்பில் மூன்று வருடங்களை நினைவில் வையுங்கள். 1961 ஆகஸ்டில் பெரிதானது, 1967 ஆகஸ்டில் கல்லறைக் கல் மாதிரி நிமிர்ந்தது, 1972 ஆகஸ்டில் வட்டமாக யானைக் கால் அளவுக்கு ஆனது. கடைசியானதைத் தாங்க மட்கார்டையே அகலப்படுத்தினார்கள். பம்பர் மெலிந்த வளைவாக இருந்தது 1967-இல் பெட்டி மாதிரித் தடித்தது. அப்போது பம்பர் உயரமாக வந்ததால் இரண்டு மூடிகளும் குட்டையாயின. அதனால்தான் குட்டை மூடியைப் பழைய உடம்பில் மாட்டினால் கீழே இடைவெளி விழும். அதைப் பட்டியால் நிரப்பியவர்களையும் பார்த்திருக்கிறேன். எஞ்சின் மூடியில் காற்றுக் கீற்றுகள் இருந்தால் எண்ணுங்கள்: பத்து என்றால் 1970 மாடலில் வந்த மூடி, இருபத்தாறு என்றால் 1972 மாடல்.

சரி, காலம் பொருந்துகிறது. அது தொழிற்சாலைப் பாகம்தானா, பின்னால் யாரோ அடித்த நகலா? வோக்ஸ்வாகன் பாகங்களில் அவர்கள் முத்திரையும் பாக எண்ணும் பெரும்பாலும் இருக்கும். மட்கார்டின் உள் விளிம்பு, விளக்கின் கூடு, மூடியின் அடிப்பக்கம் என்று பெயிண்டை மெதுவாகத் துடைத்துத் தேடுங்கள். எண்ணைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. முதல் மூன்று இலக்கம் எந்த வண்டிக்காகச் செய்தது என்பது. 111 என்றால் பீட்டில். அடுத்த மூன்று எந்த இடம் என்பது. 8-இல் தொடங்கினால் உடம்பு: 821 மட்கார்டு, 823 முன் மூடி, 827 எஞ்சின் மூடி, 831 கதவு. 941 ஹெட்லைட், 945 டெயில் லாம்ப். அடுத்து வரும் மூன்று இலக்கத்தின் கடைசி எண் ஒற்றைப்படை என்றால் இடப்பக்கம், இரட்டைப்படை என்றால் வலப்பக்கம்.

ஹெட்லைட் கண்ணாடியில் போஷ் அல்லது ஹெல்லா என்ற ஜெர்மன் விளக்கு நிறுவனத்தின் பெயர் இருந்தால் நல்லது. ஆனால் வெளிநாட்டிலிருந்து அசல் கண்ணாடி வரவழைக்கும்போது ஒரு விஷயத்தில் ஜாக்கிரதை. ஜெர்மனியில் வண்டி வலப்பக்கம் ஓடும். அந்த ஊர்க் கண்ணாடியில் கோடுகள் வெளிச்சத்தை வலப்புறம் தூக்கி அடிக்கும்படி வார்த்திருக்கும். நம் சாலையில் எதிரே வருபவர் கண்ணில்தான் அது விழும். முத்திரை அசல், பாகம் அசல், உங்கள் வண்டிக்கு மட்டும் அசல் இல்லை. ஜன்னல் கண்ணாடியில் செக்குரிட் என்ற கண்ணாடித் தயாரிப்பின் முத்திரை இருந்தால் தொழிற்சாலைக் காலத்தது என்று ஓரளவு நம்பலாம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் இங்கே மாட்டியது.

ஐந்தாவது: தகட்டைத் தடவிப் பாருங்கள்

காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி உடம்பெங்கும் நகர்த்துங்கள். பிடிப்பு தளர்கிற இடத்தில் பட்டி கனமாக இருக்கிறது. பெயிண்ட் கனம் காட்டும் மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. தனி எண்ணைப் பார்த்து பயப்பட வேண்டாம். ஒரு கதவுக்கும் இன்னொரு கதவுக்கும் என்ன வித்தியாசம் என்பதுதான் கேள்வி. கூரை பெரும்பாலும் அடிபடாத இடம், அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

தொழிற்சாலையில் தகடுகளை ஸ்பாட் வெல்டிங் செய்தார்கள். இரண்டு முனைகள் இருபுறமும் அழுத்தி மின்சாரம் பாய்ச்சுவதால், பட்டன் வைத்தது போல வட்ட வட்டமான பள்ளங்கள், ஒரே சீரான இடைவெளியில் இருக்கும். கதவுச் சட்டத்தின் ரப்பரை உருவினால் வரிசையாகத் தெரியும். பிற்காலப் பட்டறை வேலையில் கேஸ் வெல்டிங்கின் நீளமான தழும்போ, துளை போட்டு நிரப்பிய மேடுகளோ இருக்கும். ஒரே விளிம்பில் பட்டன் வரிசை ஓடி வந்து சட்டென நின்று, ஒரு சாண் தள்ளி மறுபடி தொடங்கினால் நடுவில் துண்டு வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

கதவுக்குக் கீழே ஓடும், சூடான காற்றைக் கொண்டுபோகும் ஹீட்டர் சேனலும் தரைத்தகடும் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அசலாக இருக்காது. பேட்டரி பின் சீட்டுக்கு அடியில் வலப்பக்கம் என்பதால் ஆசிட் சிந்திச் சிந்தி அந்த மூலை எல்லா வண்டியிலும் போய்விடும். மாற்றியிருப்பதைக் குறையாக எண்ண வேண்டாம். ஒழுங்காகச் செய்திருக்கிறார்களா என்பதை மட்டும் பாருங்கள். வாங்கும் வண்டியில் கதவைத் திறந்து மூடும்போது இடைவெளி மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இருந்தால், சேனலை மாற்றும்போது உடம்புக்கு முட்டுக்கொடுக்காமல் வெட்டியிருப்பார்கள். அதைச் சரிசெய்வது நரகம்.

கதவுக் கீலுக்கு வருவோம். பீட்டிலின் கீல்கள் பெரிய ஸ்குரூக்களால் தூணில் முறுக்கப்பட்டவை. தொழிற்சாலையில் கதவை மாட்டிய பிறகுதான் பெயிண்ட் அடித்தார்கள். ஆகவே ஸ்குரூவின் தலையிலும் உடம்பு நிறம் உடையாமல் இருந்தால் அந்தக் கதவு ஒருநாளும் இறங்கியதில்லை. அறுபது வருட வண்டியில் அப்படி ஒன்று கிடைத்தால் அந்த மூலையைக் கோயில் மாதிரி காப்பாற்றுங்கள். என் வண்டியில் வலப்பக்கக் கதவின் மேல் கீலில் மேலே அடித்த வெள்ளையைத் துடைத்தபோது கீழே வெளிர் பச்சை, ஸ்குரூவின் பள்ளத்துக்குள்ளும் வெடிப்பில்லாமல். கதவு உடம்போடு பிறந்தது. ஆகவே உடம்பு 1960 மாடல்.

ஆறாவது: நிறம்

பிறப்புச் சான்றிதழ் என் சேசிஸ் முத்து வெள்ளையில் பிறந்ததாகச் சொன்னது. வோக்ஸ்வாகன் கணக்கில் எல் 87. அவர்கள் பெயிண்ட் எண்கள் எல் என்ற எழுத்தில் தொடங்கும்; கறுப்பு எல் 41. உடம்போ வெளிர் பச்சை. இரண்டு கார், இரண்டு நிறம், சண்டைக்கே இடமில்லை.

அசல் நிறத்தை வெளியே தேடாதீர்கள். டாஷ்போர்டின் பின்புறம், பின் சீட்டுக்குப் பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் அட்டைக்கு அடியில், கதவின் உள் அட்டையைக் கழற்றினால் தெரியும் தகடு, இங்கெல்லாம் அடுத்து வந்த பெயிண்டர்கள் தொடவே மாட்டார்கள். வெளியே பார்க்க வேண்டுமென்றால் மறைவான இடத்தில் ஒரு ரூபாய் அளவுக்கு நுண்ணிய உப்புத்தாளைத் தண்ணீர் விட்டு, ஓரம் சரிவாக வரும்படி தேயுங்கள். மர வளையம் மாதிரி ஒவ்வொரு அடுக்கும் தெரியும். இரும்புக்கு மேல் முதல் ப்ரைமர், அதற்கு அடுத்த நிறம்தான் உங்களுக்கு வேண்டியது. எல்லாப் பாகத்திலும் இந்த வளையத்தை எடுத்து வையுங்கள். ஒரு மட்கார்டில் மட்டும் வேறு நிறம் முதல் அடுக்கில் வந்தால் அது வேறு வண்டியிலிருந்து வந்தது.

தவறான தீர்ப்பு எங்கே வரும்

புதிதாகக் கற்றவர்கள் எல்லாவற்றையும் தப்பு என்று சொல்லிவிடும் ஒரு காலம் உண்டு. எனக்கும் இருந்தது. சில எச்சரிக்கைகள்.

நாடு பார்க்க வேண்டும். மேலே சொன்ன மாதங்களெல்லாம் ஜெர்மன் தயாரிப்புக்கு. ஆஸ்திரேலியாவில் உள்ளூரிலேயே செய்த பீட்டிலுக்குப் பெரிய கண்ணாடி உடம்பு ஜெர்மனியைவிட மூன்று வருடம் போலப் பிந்தித்தான் வந்தது. பிரேசிலில் பக்கக் கண்ணாடி கடைசி வரை சிறியதாகவே இருந்தது. மலேசியாவில் ஷா ஆலமில் 1968 முதல் பாகங்களை வரவழைத்துப் பூட்டினார்கள். அங்கிருக்கும் நம்மவர்கள் வண்டியில் உள்ளூர்க் கண்ணாடியோ டயரோ முதல் நாளிலிருந்தே இருந்திருக்கலாம். அது தொழிற்சாலை அசல்தான்.

மாடல் பார்க்க வேண்டும். குரோம் பட்டை இல்லாத பீட்டிலைப் பார்த்ததும் யாரோ பிடுங்கிவிட்டார்கள் என்று நினைப்போம். மலிவான ஸ்டாண்டர்டு மாடலுக்குப் பட்டையே கிடையாது, பம்பருக்கும் பெயிண்ட்தான். இதைத் தீர்மானிப்பது எளிது: பட்டை மாட்டும் ஓட்டைகள் உடம்பில் இருக்கின்றனவா என்று உள்பக்கமிருந்து பாருங்கள். கண்ணாடி ரப்பரில் பளபளப்புப் பட்டைக்கான பள்ளம் இல்லாததும் அதே மாதிரிதான், ரப்பர் பழையதாக இருந்தால் மட்டும்.

எல்லா மாற்றமும் ஆகஸ்டில் வரவில்லை. முட்டைக் கண்ணாடி மார்ச்சில் வந்ததை மேலே பார்த்தோம். எல்லை மாதத்தை ஒட்டிய வண்டி என்றால், பழைய பாகம் ஒன்று புதியதற்கு நடுவில் இருப்பதைக் குற்றமாக எழுதுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்.

கடைசியாக: நோட்டுப் புத்தகம்

ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள். என்ன இருக்கிறது, எந்தக் காலத்தது, எதை வைத்துச் சொல்கிறேன் என்று. மூன்றாவதுதான் முக்கியம். "எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்" என்பதைத் தவிர எழுத ஒன்றும் இல்லையென்றால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். அசல், காலத்துக்குப் பொருந்தும் மாற்றுப் பாகம், காலம் தவறியது என்று மூன்றாகப் பிரித்தால் கடைசியில் இருப்பவற்றை மட்டும் தேடி மாற்றினால் போதும். நடுவில் இருப்பவை மீது கை வைக்காமல் விடலாம் என்பது என் கட்சி. 1970-இல் ஏதோ ஒரு பட்டறை ஒழுங்காக மாட்டிய ஒரு வோக்ஸ்வாகன் மட்கார்டைப் பிடுங்கிவிட்டு இன்றைய நகல் ஒன்றை மாட்டுவதில் எந்த அர்த்தமும் எனக்குத் தெரியவில்லை.

என் காரை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். இரண்டையும் பிரிக்கவில்லை. சேசிஸ் எண் ஆர்.சி.யில் இருப்பதுதான், அதைத் தொடவில்லை. உடம்பை அதன் சொந்த வருடத்துக்குத் திருப்பினேன்: வெளிர் பச்சை, தூணில் கைகாட்டி. மட்கார்டின் மேல் இண்டிகேட்டரும் இருக்கிறது, ஏனென்றால் அவினாசி சாலையில் தூணிலிருந்து நீளும் அந்தச் சின்னக் கையை எந்த பஸ் டிரைவரும் பார்க்கப்போவதில்லை. விண்டேஜ் பதிவுக்கு விண்ணப்பிக்கும் நாள் வந்தால் நோட்டில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவதாக இருக்கிறேன்.

கழற்றிய பாகம் எதையும் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். வேலை தொடங்கிய முதல் மாதம், நெளிந்து துருப்பிடித்த இடப்பக்க முன் மட்கார்டைக் கிலோ கணக்கில் போட்டுவிட்டேன். பிறகு படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அதன் உள் விளிம்பில், தாருக்கு நடுவில், பாதி முத்திரையும் 111 821 என்ற எண்ணும் தெரிந்தன. கடைக்கு ஓடினேன். லோடு போய் நான்கு நாளாகிவிட்டது என்றார்கள்.